ஒரு காது தாழ்ந்த தொப்பி

வெயில் மண்டையைப் பிளக்கிற யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் உட்கார்ந்து கம்பளித் தொப்பி பின்னுகிறவளைப் பார்த்து நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். ஐரிஸ் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. மாதம் நிறையாமல் பிறக்கிற பிள்ளைகளின் உடம்புச் சூடு தலை வழியாகப் போய்விடும் என்றும், ஊரே வேர்த்து வழிந்தாலும் அந்தத் தேசிக்காயளவு தலைகளுக்குக் குளிர்தான் என்றும் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வாய் நொந்துபோயிருந்தாள். தேவாலயத்து மாதர் சங்கத் தலைவி நிமலினி மாதம் ஒருமுறை வந்து, பின்னி முடித்ததைப் பையில் அள்ளிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுப்பாள். போகிற தொப்பி எந்தத் தலையில் ஏறியது என்று ஐரிசுக்கு ஒருநாளும் தெரியவந்ததில்லை.

தெரியாவிட்டாலும் குறைவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் அன்புராஜா போய் நாலு வருஷம். ஒரே மகன் றயன் மனைவியோடு நோர்வேயில். காலையில் கத்தரிக்கும் பயற்றைக்கும் தண்ணீர் விடுவாள். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியே வாழையடிக்குப் போகும்படி அவளே மண் வெட்டி அணை கட்டியிருந்தாள். அந்தத் தண்ணீர் வளைந்து வளைந்து போய் வாழையைத் தொடுவதைப் பார்த்து நிற்பதில் அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம். பூசணிக்குப் பூ வந்தால் அன்றைக்குப் பெருநாள். மத்தியானம் சாப்பிட்டதும் மின்விசிறிக்குக் கீழே ஊசிகளை எடுத்தால் நேரம் தன்பாட்டில் போகும். ஒவ்வொரு தொப்பியின் உச்சியிலும் மிச்ச நூலில் ஒரே ஒரு சிவப்புக் கண்ணி போட்டு முடிச்சிடுவாள். எதற்கு என்று நிமலினி கேட்டதற்கு, சும்மா ஒரு வடிவுக்கு என்றாள். உண்மையில் அது அவளுடைய கையெழுத்து. யாரும் வாசிக்கப் போவதில்லை என்று தெரிந்தே போட்ட கையெழுத்து.

ஆனால் சாயங்காலம் ஒன்று இருக்கிறதே, அதை மட்டும் தோட்டத்தாலும் நூலாலும் சமாளிக்க முடியவில்லை. விளக்குப் போடுகிற நேரத்தில் வீடு திடீரென்று பெரிதாகிவிடும். அந்த நேரத்துக்கென்றே இருந்ததுதான் வேலிப் பொட்டு.

பக்கத்து வளவுக்கும் இந்த வளவுக்கும் நடுவில் கிளுவங்கதியால் வேலி. அதில் ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. அப்படி அயலவர் போய்வருகிற வழியைத்தான் இங்கே பொட்டு என்பார்கள். வாசல் கேற்றால் வருகிறவர் விருந்தாளி. பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். அந்தப் பக்கம் கேதீஸ்வரி இருந்தாள். ஐரிசை விடப் பத்து வயது குறைவு. அவள் புருஷன் முத்துக்குமாரு கடலுக்குப் போகிறவர். கேதீஸ்வரி பொட்டால் றால் கொண்டுவருவாள், கத்தரிக்காய் கொண்டுபோவாள், இடையில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்து ஊர்க்கதை முழுவதையும் இறக்கிவைப்பாள். ஐரிஸ் ஜெபம் சொல்கிற வேளையென்றால் முடியும்வரை பேசாமல் இருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடங்குவாள். ஒருநாளில் ஐரிஸ் மனித முகம் பார்ப்பது பெரும்பாலும் அந்த ஒரு மணித்தியாலம்தான்.

கேதீஸ்வரியின் மகள் நிவேதனா கலியாணமாகி ஏழு வருஷத்துக்குப் பிறகு வயிற்றில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். முன்னே ஒன்று வந்து தங்காமல் போயிருந்தது. அதனால் அந்த வீட்டில் யாரும் பிள்ளையைப் பற்றிச் சத்தமாகக் கதைப்பதுகூட இல்லை. கேதீஸ்வரி கீரிமலைக் கோயிலுக்குப் போய் நேர்த்தி வைத்துவிட்டு வந்தாள். அதையும் ஐரிசின் காதுக்குள்தான் சொன்னாள்.

ஐரிசுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு எத்தனையோ பின்னியாயிற்று. இதோ வேலிக்கு அந்தப் பக்கம், முகம் பார்க்கப் போகிற ஒரு பிள்ளை வருகிறது. பட்டணத்துக்குப் போய் இருப்பதிலேயே மெத்தென்ற மஞ்சள் நூலாகத் தேடி வாங்கினாள். ஒரு கண்ணி பிசகினாலும் குலைத்துத் திரும்பப் பின்னினாள். எட்டாம் மாதம், ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், அந்தத் தொப்பியை உள்ளங்கையில் விரித்துப் பிடித்தபடி பொட்டால் குனிந்து போனாள். கலியாணப் பெண்ணைப்போல வெட்கமும் சிரிப்புமாகப் போனாள்.

அவள் தபால் கந்தோரில் முப்பது வருஷம் இருந்தவள், மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், சைவ வீடுகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்தவள். பிறக்காத பிள்ளைக்குப் புதுத்துணி கொண்டுபோகக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரியும். சந்தோஷத்தில் மறந்துபோனாள். அவ்வளவுதான்.

கேதீஸ்வரியின் முகம் செத்துவிட்டது. நிவேதனா எழுந்து உள்ளே போய்விட்டாள். கேதீஸ்வரி கையை நீட்டவில்லை.

"வைச்சிருங்கோ அக்கா," என்று மட்டும் சொன்னாள்.

ஐரிஸ் தொப்பியோடு திரும்பி வந்தாள். நாலாம் நாள் அதிகாலையில் அந்த வீட்டு வாசலில் ஓட்டோச் சத்தம் கேட்டது. மாதம் நிறைய முன்னமே நிவேதனாவுக்குப் பிள்ளை பிறந்துவிட்டதென்றும், பெண் பிள்ளையென்றும், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்களென்றும் மீன் விற்கிற லூர்த்தம்மா வந்து சொன்னாள். அன்று பின்னேரம் ஐரிஸ் தோட்டத்துக்கு இறங்கியபோது பொட்டில் ஒரு தகரம் வைத்துக் கம்பியால் கட்டியிருந்தது.

அவள் அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். இதெல்லாம் மூடநம்பிக்கை, ஒரு தொப்பியால் ஒரு பிள்ளை முந்திப் பிறக்குமா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். புத்தி ஒத்துக்கொண்டது. மனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஆனால் நான் எப்படி இந்த வேலிக்குப் பக்கத்தில் இருப்பேன் என்று ஜெபத்தில் அழுதாள். மஞ்சள் தொப்பியைக் குலைக்க எடுத்தாள். குலைக்கவும் பயமாக இருந்தது. அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

அதன்பிறகு அவளுக்கு ஊசியைத் தொடப் பிடிக்கவில்லை. கத்தரிக்காய் முற்றி மஞ்சளாகிக் கிடந்தது. பறித்து யாருக்குக் கொடுப்பது? சாயங்காலம் முன்னைவிட நீண்டுபோயிற்று. றயனுக்கு எடுத்துக் கதைக்கலாம் என்று இரண்டு மூன்று தடவை போனைக் கையில் எடுத்து வைத்தாள். அவனோடு கதைப்பதும் நின்றுபோய்த்தான் இருந்தது. தகப்பன் செத்தபோது வந்தவன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொன்னான். தோட்டத்தை விட்டு வரமுடியாது என்றாள் அவள். உந்தக் கத்தரிக்கண்டு எங்களைவிடப் பெரிசோ என்று கேட்டுவிட்டுப் போனவன்தான். பிறகு நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் என்று குறைந்தது. கடைசியாக அவள் எடுத்தபோது, வேலையில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் அம்மா என்றான். அந்தப் 'பிறகு' இன்னும் வரவில்லை. அவளும் ரோஷக்காரி. எடுக்கவில்லை.

பிள்ளையைப் பற்றி லூர்த்தம்மா அவ்வப்போது சொன்னாள். பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்கள். பால் குடிக்கிறது. ஐரிஸ் அதைக் கேட்டு அடுப்படியில் போய் நின்று அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். ஆனாலும் தகரம் தகரமாகவே நின்றது.

ஒருநாள் பின்னேரம் நாலு மணிபோல, வேலியோரம் கம்பி முறுக்கவிழ்கிற சத்தம் கேட்டது. ஐரிஸ் கையிலிருந்த வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். தகரத்தைச் சரித்துவிட்டுக் கேதீஸ்வரி குனிந்து வந்துகொண்டிருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். வந்தவள் குந்தவில்லை.

"கோவமில்லை எண்டு சொல்லமாட்டன் அக்கா. கோவம்தான். ஆரோடையாவது கோவிக்காட்டில் எனக்கு விசர் பிடிச்சிருக்கும்."

"தெரியும்," என்றாள் ஐரிஸ். "நான் மறந்துபோனன். வேணுமெண்டு செய்யேல்லை."

கேதீஸ்வரி தலையாட்டினாள். பிறகு ஆஸ்பத்திரி வாட்டில் கண்டதைச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டிகள் வரிசையாக இருந்தனவாம். உள்ளே கிடந்த பிள்ளைகளின் தலையில் தொப்பி. உச்சியில் ஒரு சிவப்புக் கண்ணி. பேத்தியின் தலையிலும் அதுதான். தாதி போட்டுவிட்டாளாம். இந்தத் தொப்பி இல்லாவிட்டால் சூடு நிற்காது அம்மா என்றாளாம். கேதீஸ்வரி கண்ணாடிக்கு வெளியே நின்று அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அவள் ஐரிசின் பக்கத்தில் குந்தியிருந்து அந்தச் சிவப்புக் கண்ணி விழுவதை எத்தனை பின்னேரம் பார்த்திருப்பாள்!

யாரும் வாசிக்கமாட்டார்கள் என்று நினைத்த கையெழுத்தை ஒருத்தி வாசித்திருக்கிறாள்.

"ஆஸ்பத்திரிக்காரர் போட்டதைப் புதுசெண்டு நான் கணக்கிலை எடுக்கேல்லை," என்றாள் கேதீஸ்வரி, கறாராக. "நாளைக்குப் பிள்ளையை வீட்டை கொண்டுவாறம். படியேறேக்கை உடம்பிலை பழசு இருக்க வேணும். நல்லாய் வளர்ந்த பிள்ளை போட்ட பழசு. எங்கடை எல்லாம் இடம்பெயர்விலை போயிட்டுது. சொந்தக்காரரிட்டைக் கேட்டன், எல்லாரிட்டையும் கடைப் புதுசுதான் இருக்கு. உங்கடை மகன்ரை ஏதும் வைச்சிருக்கிறியளோ?"

வைத்திருந்தாள். பிள்ளை உண்டாகியிருந்தபோது அவள் வாழ்க்கையில் முதன்முதலாகப் பின்னிய தொப்பி. வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போனது. ஒரு காது மேலே ஏறி, ஒரு காது தாழ்ந்து, பார்த்தால் சிரிப்பு வரும். அன்புராஜா அதைப் பார்த்து, பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்று எல்லாரும் நினைக்கப் போகிறார்கள் என்று பகிடி பண்ணினார். போருக்குப் பயந்து ஊரே எழும்பிக் கொடிகாமத்துப் பக்கம் நடந்த நாளில் நகைப் பையை மறந்தாலும் அதை மடிக்குள் சொருகிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோதும் அது மடிக்குள் இருந்தது.

"இருக்கு," என்றாள்.

"மகன் சுகமாய் இருக்கிறார்தானே?" என்று கேட்டாள் கேதீஸ்வரி.

சும்மா ஒரு கேள்விதான். ஓம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஐரிசின் வாயில் அந்த ஓம் வரவில்லை. ஒரு தடவை மறந்து கொண்டுபோனதன் பயம் இன்னும் போகவில்லை. இந்த முறை பொய்யோடு கொண்டுபோக அவளால் முடியாது. மகன் சுகமாய் இருக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது என்பதுதான் உண்மை.

"கொஞ்சம் நில்லும் கேதீஸ். எடுத்துக்கொண்டு வாறன்."

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து தொப்பியை எடுத்தாள். அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் றயனுக்கு எடுத்தாள். அங்கே மத்தியானமாக இருக்கும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைக்கலாம் என்று நினைத்தபோது அவன் எடுத்தான்.

"அம்மா? என்ன? ஏதும் நடந்ததோ?"

"ஒண்டுமில்லை. நீ சுகமாய் இருக்கிறியோ எண்டு கேக்க எடுத்தனான்."

"ஓம், சுகம்."

"சும்மா சொல்லாதை றயன். உண்மையாய்ச் சொல்லு. இஞ்சை ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுது."

அவள் தொப்பியின் தாழ்ந்த காதை விரலால் நீவிக்கொண்டு நின்றாள்.

"உடம்புக்கு ஒண்டுமில்லை அம்மா," என்றான் கடைசியில். "சாப்பிடுறன். வேலைக்குப் போறன். வீட்டிலைதான் இப்ப நான் தனிய. அவ என்னை விட்டிட்டுப் போய் ஒரு வருஷமாகுது. உங்களுக்குச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது."

ஒரு வருஷம். இங்கே அவள் விளக்குப் போட்டுவிட்டு ஒருத்தியாய் உட்கார்ந்திருந்த அத்தனை சாயங்காலமும், அங்கே அவனும் அப்படித்தான் இருந்திருக்கிறான். இரண்டு பேரும் ரோஷத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் வந்தது. அவன்மேலும் வந்தது. அவன் தலையைத் தடவவேண்டும்போலவும் இருந்தது.

"இரவைக்குத் திரும்ப எடுப்பன்," என்றாள். "எடுக்கவேணும் நீ. வேலையிலை நிக்கிறன் எண்டு சொல்லக்கூடாது."

"சரி அம்மா," என்றான். குரல் சின்னப்பிள்ளையின் குரலாக இருந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கேதீஸ்வரி பயற்றங்கொடிக்குப் பக்கத்தில் நின்றாள். தொப்பியை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காதுகளைப் பார்த்து, இத்தனை நாளுக்குப் பிறகு, கொஞ்சம் சிரித்தாள். முப்பத்தோராம் நாள் பிள்ளை பிறந்த தீட்டான துடக்குக் கழிந்ததும் மஞ்சள் தொப்பியைப் போடலாம் என்றும், அதை ஐரிசே பொட்டால் கொண்டுவரவேண்டும் என்றும் சொன்னாள். பிறகு தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வாழ்த்துகிற மாதிரிச் சொன்னாள்.

"உங்கடை மகனைப் போலை இவளும் இருக்க வேணும் அக்கா."

ஐரிஸ் ஓம் என்று சொல்லப்போய் நிறுத்தினாள்.

"சுகத்திலை அவனைப் போலை இருக்கட்டும்," என்றாள். "ஆனா இஞ்சை, உம்மடை பக்கத்திலை இருக்கட்டும்."

கேதீஸ்வரி அவளை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். கத்தரிக்காய் முற்றிப்போய்க் கிடக்கிறதே, பறிக்கவில்லையா என்று மட்டும் சொல்லி, குனிந்து நாலு காயைத் தானே பறித்து மடியில் போட்டுக்கொண்டு பொட்டால் நுழைந்து போனாள். தகரம் வேலியோரம் சரிந்து கிடந்தது.