இடது பெட்டியின் மெதுவேலை

இடது ஸ்பீக்கருக்கு அந்த வீட்டில் இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை பிசகாமல் சொன்னால்தான் மற்றது விளங்கும். முதலாவது, வாங்கி வந்த அன்றே வலது பெட்டியை ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். இடதை பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் திணித்தார்கள். இரண்டாவது, அதன் முகத்துக்கு நேராக அரிசி மூட்டையைச் சாய்த்தார்கள். மூன்றாவது, பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது வலதுக்குத் துணி போர்த்தினார்கள், இடதுக்குப் போர்த்தவில்லை. நான்காவது, அதன் வயர் அறுந்தபோது இஸ்திரிப் பெட்டியின் பழைய வயரை ஒட்டுப் போட்டார்கள். ஐந்தாவது, இத்தனையும் செய்துவிட்டு, வந்தவர்களிடம் "ஜன்னலோரத்துப் பெட்டி என்னமாப் பாடுது" என்று வாய் கூசாமல் சொன்னார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இடது ஸ்பீக்கர் மெதுவேலைப் போராட்டத்தில் இறங்கியது. ஒலியை அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் சட்டவிரோதம் என்று கழுத்தைப் பிடிப்பார்கள். கால்வாசி மட்டும் தந்தது.

வீட்டுக்காரர் மாசிலாமணி சிங்காநல்லூரில் பஞ்சாலைச் சங்கம் நடத்தி வேலையை இழந்தவர். எழுத்துக் கூட்டிப் படித்ததே துண்டுப் பிரசுரங்களில்தான். காதைச் சாய்த்துக் கேட்டவுடனேயே அவருக்குப் புரிந்துவிட்டது. ஈஸி சேரிலிருந்து துள்ளி எழுந்தார். மில்லை மூடி அந்த இடத்தில் ஷாப்பிங் மால் கட்டிய பிறகு அவர் உடம்பில் இப்படிச் சூடு ஏறியதில்லை.

ஆனால் நாள்தான் சரியில்லை. அன்று மாலை சங்கச் செயலாளர் துரைக்கண்ணு கமிட்டிக்காரர்கள் இருவரோடு வருவதாக இருந்தது. சங்கத்தின் ஆண்டு மலரில், மில் வாசலில் நடந்த பழைய வாயிற்கூட்டப் பேச்சை, அப்போது சங்கத்தில் கூட இருந்த குப்பண்ணன் பேசியதாகப் போடப்போகிறார்கள். பேசியவர் மாசிலாமணி. அதற்கு இருந்த ஒரே ருசு ஒரு கேசட். கல்யாண வீடுகளில் ஒலிப்பதிவு செய்கிற ஒருவர் அன்று மேடையில் ஒரு மைக்கும் கூட்டத்துக்குள் ஒரு மைக்குமாக வைத்துப் பதிந்திருந்தார். மேடைக் குரல் இடது பெட்டியில் வரும், கூட்டத்தின் முழக்கம் வலதில் வரும்.

போட்டுப் பார்த்தபோது அவர் மனைவி செண்பகவல்லி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊரே கூடி வாழ்க வாழ்கன்னு கத்துது. ஆரு வாழோணும்னு ஒருத்தரும் சொல்லக் காணமே?"

மெக்கானிக் லூர்துசாமியை அழைத்தார்கள். அவர் பீரோவுக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார்.

"ரெண்டு வயரையும் இடம் மாத்திக் குத்திப் பாத்தரலாங்ண்ணா. அப்பவும் இந்தப் பெட்டியிலயே சத்தம் கம்மியா இருந்தா, கோளாறு பெட்டியிலயோ வயர்லயோ. அந்தப் பெட்டிக்குத் தாவிருச்சுன்னா ஆம்ப்ளிஃபயர்ல."

"தொடாதே!" என்று மாசிலாமணி குறுக்கே வந்தார். "போராட்ட நேரத்தில் இடமாற்றமா? பழிவாங்கலுக்கு வேற பேர் இருக்கா?"

"அது தப்புத்தானுங்க," என்று லூர்துசாமி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டார். "பேலன்ஸ் திருகை வேணா இடது பக்கம் திருப்பட்டுங்களா?"

"வலதை அமுக்கி இடதுக்குக் கொடுப்பியா? இது பிரிச்சாளுற சூழ்ச்சி. பெரிய மொதலாளிமாரே வெக்கப்பட்டுச் செஞ்சது."

"அப்ப நான் என்னங்ண்ணா பண்ணட்டும்?"

"சாட்சியா உட்காரு."

லூர்துசாமி உட்கார்ந்தார். செண்பகவல்லி அவருக்குக் காபி கொடுத்தாள்.

மாசிலாமணி அரிசி மூட்டைக்கு மேலாகக் குனிந்து, கோரிக்கை என்ன என்று கேட்டார். இடது பெட்டி கால்வாசிக் குரலில், எழுதத் தெரியாது என்றது. அவருக்குக் கை பரபரத்தது. அநீதிகள் ஐந்தையும், கல்லும் கரையும்படி அவரே எழுதிக் கொடுத்தார். பிறகு மேசையைச் சுற்றி வந்து நாற்காலியில் அமர்ந்தார். அங்கே அவர்தான் நிர்வாகம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தவருக்கு மூக்கு சிவந்தது.

"இது ஸ்பீக்கர் எழுதற எழுத்தா? வெளியாள் தூண்டுதல். யார் எழுதிக் கொடுத்தது?"

இடது பெட்டி காட்டிக்கொடுக்கவில்லை. மாசிலாமணிக்கு அதன் மேல் மதிப்பு உயர்ந்தது. ஐந்து கோரிக்கைகளையும் நிராகரித்தார். பின்பு எழுந்து வந்து பெட்டியின் காதோரம், "அசையாதே. நிர்வாகம் ஆடிப்போயிருக்கு," என்றார்.

"மூட்டையை நான் நகத்தி வெச்சா முடிஞ்சுதுங்களே," என்றாள் செண்பகவல்லி.

"மூட்டையில என்ன இருக்கு வல்லி? கொள்கை!"

"மூட்டையில அரிசி இருக்குதுங்க," என்றாள் அவள்.

மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவர் ஜன்னலோரம் போய், சகோதரன் வயிற்றில் அடிக்கிற கருங்காலியாக இருக்கலாமா என்று வலது பெட்டியிடம் கேட்டார். வலது யோசித்தது. பிறகு அனுதாப வேலைநிறுத்தத்தில் இறங்கியது. வீட்டில் ஒலியே இல்லை. மாசிலாமணி கைகளைத் தேய்த்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எத்தனையோ போராட்டம் நடத்தியிருக்கிறார். மறுபக்கமும் சேர்ந்து நின்றதை இன்றுதான் பார்க்கிறார்.

அப்போது துரைக்கண்ணுவும் மற்ற இருவரும் வந்தார்கள்.

"மலர் நாளைக்கு அச்சுக்குப் போகுதுங்ண்ணா," என்றார் துரைக்கண்ணு. "கேசட்டைக் கேட்டுட்டா எங்களுக்கும் நிம்மதி. இல்லீன்னா குப்பண்ணன் பேர்தான்."

"வேலைநிறுத்தம் நடக்குது," என்றார் மாசிலாமணி.

மூவரும் உடனே வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். போராட்டம் நடக்கிற இடத்துக்குள் கால் வைப்பவர்கள் அல்ல அவர்கள்.

மாசிலாமணி இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். வாசலில் நின்ற மூவரையும் பார்த்தார். மேசைக்குப் பின்னால் போய் அமர்ந்து, நிர்வாகம் இறங்கி வருகிறது என்று அறிவித்தார்.

மூட்டை அடுப்படிக்குப் போனது. இடது பெட்டி ஸ்டூல் ஏறியது. அதற்கு ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டாள் செண்பகவல்லி. லூர்துசாமி இஸ்திரி வயரை வெட்டி எறிந்தார். அதன் முனை கறுத்துப் பொரிந்திருந்தது. இரண்டுக்கும் சம நீளத்தில் புது வயர் இழுத்து, நாற்காலியில் உட்காருகிறவருக்கு இரண்டு பெட்டியும் ஒரே தூரத்தில் முகம் காட்டும்படி திருப்பி வைத்தார். பெருமை பேசினால் இரண்டையும் சேர்த்துப் பேசுவது என்று செண்பகவல்லி வாக்குக் கொடுத்தாள்.

மிச்சமிருந்தது கடைசி ஷரத்து. எந்த மில்லிலும் எந்த ஒப்பந்தமும் அது இல்லாமல் முடிந்ததில்லை. தொழிலாளி உள்ளே போகலாம், கூலி கூடலாம், ஆனால் தூண்டிவிட்டவன் வெளியே போக வேண்டும். அவன் பெயரைச் சாட்சிகள் முன் உரக்க வாசிக்க வேண்டும்.

"வேண்டாமுங்க. நல்ல மனுசனுங்க அவரு," என்றது இடது.

"அது இல்லாமல் நிர்வாகம் கையெழுத்துப் போடாது," என்றார் மாசிலாமணி. "ஆள் யார்னு சொல்லு."

"சொல்ல மாட்டமுங்க," என்றன இரண்டு பெட்டிகளும்.

அந்தப் பதிலில் அவருக்குக் கண் நிறைந்தது. காகிதத்தை இழுத்துத் தானே பெயரை எழுதினார். இனிஷியலை மட்டும் இரண்டு முறை அழுத்தி எழுதினார். துரைக்கண்ணு உள்ளே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டு, "முறைதானுங்க," என்றார்.

கேசட் ஓடியது. இடதிலிருந்து குரல் கிளம்பியது, வலதிலிருந்து முழக்கம் எழுந்தது, இரண்டும் அறையின் நடுவில், நாற்காலிக்கு நேர் மேலே, எடை குறையாமல் சந்தித்தன. கமிட்டிக்காரர்கள் தங்களை அறியாமல் கையை உயர்த்தினார்கள்.

"இது குப்பண்ணன் தொண்டையே இல்லீங்க," என்று துரைக்கண்ணு தாளில் ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். "நம்ம அண்ணன் தொண்டை."

பேச்சு முடிந்தது. மாசிலாமணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டி, கேட்டுக்கு வெளியே போய் நின்றார். அங்கே, முன்பே வெளியேற்றப்பட்ட அவர்கள் வீட்டுப் பழைய மிக்ஸி நின்றுகொண்டிருந்தது. அது நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் விட்டது.

லூர்துசாமியும் செண்பகவல்லியும் கமிட்டிக்காரர்களும் ஜன்னலுக்கு வந்தார்கள். இரண்டு பெட்டிகளும் தொண்டையைச் செருமிக்கொண்டு, இடதும் வலதும் ஒரு இம்மி கூடாமல் குறையாமல், தெருமுனை வரை கேட்கும்படி வாசித்தன:

"வெளியேற்றப்படுபவர், சூ. மாசிலாமணி."