மூன்றாவது ஆள்

ஒஹையோவின் ஒரு பேஸ்பால் அணி தோற்பதை முப்பத்தோரு வருஷமாக ஒரே இருக்கையிலிருந்து பார்த்தவள் டார்லீன். "இவன்தான் நம்ம எதிர்காலம்" என்று மேலாளர் பிரெண்ட் ஐந்து வருஷத்துக்கு முன் காட்டிய டகன், இந்த வருஷம்தான் பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டான். நேற்று ஆளுக்கு ஆள் மாற்றும் பேரத்தில் அவனை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். டகன் பெயர் போட்ட சட்டையோடுதான் டார்லீன் அணி நடத்திய ரசிகர் கூட்டத்துக்கு வந்திருந்தாள். வந்தவர்கள் வாயை அடைக்க ஆளுக்கொரு ஹாட் டாக் கொடுத்தார்கள்.

"பதிலுக்கு யாருப்பா வர்றா?" என்று பிரெண்டைப் பிடித்துக் கேட்டாள்.

"சின்ன லீக்லேர்ந்து ரெண்டு பொடியனுங்க, மேடம். மூணாவது ஆள் பேரைப் பின்னால அறிவிப்போம். இவங்கதான் எதிர்காலம். அஞ்சு வருஷம் பொறுத்துக்கங்க."

"அடப்பாவி, டகனும் எதிர்காலம்தானே?"

"அவன்தான் நல்லா ஆட ஆரம்பிச்சிட்டானே. இனிமே எப்படி எதிர்காலம் ஆவான்?"

பிரெண்ட் சிரிக்கவில்லை, மனதாரத்தான் சொன்னான். கையோடு அடுத்த வருஷத்துக்கான இருக்கைச் சந்தாப் படிவத்தையும் நீட்டினான்.

"உங்க சீட்டை உங்களுக்கே வச்சிடலாம்ல?"

"தாராளமா வை. ஒரு ரசிகர் வந்து உட்காருவார்," என்றாள் டார்லீன், உதட்டில் ஒட்டிய கடுகுச் சாந்தைத் துடைத்தபடி. "பேரை அஞ்சு வருஷம் கழிச்சு அறிவிக்கிறேன்."