அடிக்கு எடுத்த படம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: செத்துப்போன தசரதனின் மனைவி ரேணுகாதேவி, அவள் அப்பா அய்யாக்கண்ணு, தசரதனின் தம்பி சுதாகர், படம் எடுத்த பார்த்திபன். நடுவில் ஒரு செல்போன்.

செல்போனில் சுதாகர் சிரித்துக்கொண்டிருந்தான். சாவு ஊர்வலத்தில் அண்ணன் பாடைக்கு முன்னால் ஆடும்போது, இரண்டு காலும் தரையில் படாமல், எல்லாப் பல்லும் தெரிய. பார்த்திபன் இன்ஸ்டாகிராமில் போட்ட அந்தப் படம் ஆரணி முழுக்கச் சுற்றிவிட்டது.

கண்ணமங்கலம் ரோட்டில் வண்டி கவிழ்ந்தபோது ஓட்டியது சுதாகர். பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் செத்தான். இவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு.

"ஓட்டினு போனவன் சிரிக்கறான். இவன்கூட ஒரே வூட்ல எப்படிம்மா இருப்ப?" என்றார் அய்யாக்கண்ணு.

"சிரிக்கல அண்ணி. அழுதுகினுதான் ஆடுனேன்," என்றான் சுதாகர். அவனுக்கு வேறு வீடு கிடையாது.

பார்த்திபன் தெருவில் படம் எடுப்பவன். கண் கேமராவில் இருந்தாலும் காது மேளத்தில் இருக்கும். பெரிய அடி விழும்போதுதான் அமுக்குவான். ஆடுகிறவன் அப்போதுதான் எகிறுவான், வாய் பிளக்கும். அவன் படங்களில் உயிர் இருக்கிறது என்று ஊரில் சொல்வதெல்லாம் அதனால்தான்.

"அடிக்கு எகிறுனா எவனுக்கும் மூஞ்சி அப்படித்தாங்க்கா ஆவும்," என்றான் பார்த்திபன்.

"அதுக்கு முந்தி எடுத்தத காட்டு," என்றாள் ரேணுகாதேவி. "அழுவற மாதிரி."

"இல்லக்கா. அடிக்கு மட்டுந்தான் எடுப்பேன்."

"பெரிய வித்துவான் இவுரு," என்றார் அய்யாக்கண்ணு.

பார்த்திபனுக்கு ரோஷம் வந்தது. பிளாஸ்டிக் ஸ்டூலை மடியில் கவிழ்த்து, சாவு ஊர்வலத்தின் அதே அடியை வாசித்தான்.

"சுதா, எகிறுடா. அவங்களே பாக்கட்டும்."

சுதாகர் முதலில் மறுத்தான். பிறகு ஆடினான். கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரிய அடி விழுந்தது. எகிறினான். வாய் பிளந்து எல்லாப் பல்லும் தெரிந்தது.

"பாத்தியா? இப்பவும் இளிக்கறான்," என்றார் அய்யாக்கண்ணு.

ரேணுகாதேவி சுதாகரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் புருசன் செத்த வூட்ல மேளம் கொட்டி ஆடறீங்களா?"

பார்த்திபன் ஸ்டூலைக் கீழே வைத்தான். "படத்த அழிச்சிடறேங்க்கா."

"எதுக்கு? நல்லாத்தான கீது."

பிறகு சுதாகரிடம், "நீங்க கெளம்புங்க," என்றாள். அதுவரை அவனை வாடா போடா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

இரண்டு சட்டையை ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்துக்கொண்டு சுதாகர் படி இறங்கினான். அவள் உள்ளிருந்து கதவைச் சாத்தி, தாழ் போட்டு, பூட்டையும் மாட்டினாள்.