சாப்பிட்டால் இறங்குகிற வீடு

கீரி என்ற கடற்கரை ஊரில் மக்டலினின் வீடு காலை ஒன்பது மணிக்குத் தரையை விட்டு இரண்டு முழம் எழும்பும். மத்தியானம் ஆட்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் பழையபடி இறங்கிவிடும். ஊரில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தபால்காரர் ஒன்பதுக்கு முன்னரே கடிதங்களைக் கொடுத்துவிடுவார். கோழிகள் நிழல் கிடைத்ததென்று அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அவளுடைய புருசன் பீற்றர் மட்டும் கடலால் வந்து வாசல் ஏறும்போது முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஒருதரம் முனகுவார். அதுகூடப் பழக்கதோசம்தான்.

சமையல் வாயு சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றதற்கு அடுத்த வருடம், பிரேமினி என்ற இளம் பொறியியலாளர் ஒரு நீலக் கலனுடன் ஊருக்கு வந்தாள். கரையொதுங்கும் சாதாளையில், அதாவது அழுகி நாறும் அந்தக் கடற்புல்லில், அடுப்பெரிக்கலாம் என்றாள். இதில் பழைய தொல்லை உப்பு. வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் உப்புப் பட்டால் சோர்ந்துவிடும். புல்லை நல்ல தண்ணீரில் கழுவித்தான் போடவேண்டும். கீரியில் குடிக்கவே நல்ல தண்ணீர் காணாது. பிரேமினியின் ஆய்வுகூடத்தார் கண்டல் காட்டுச் சேற்றிலிருந்து உப்புக்கு அசையாத ஒரு நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பிடித்து, நான்கு வருடம் பொறுமையாக வளர்த்து, அந்த நீலக் கலனில் கொடுத்தனுப்பியிருந்தார்கள். கழுவாத சாதாளை, மீன்குடல், தெருவில் திரியும் கழுதைகளின் விட்டை, எதைப் போட்டாலும் அது தின்னும். மக்டலினின் காணி பத்துப் பேர்ச். வாயுத் தொட்டி வெட்ட வேறு இடமில்லாமல் வீட்டுக்கு அடியிலேயே வெட்டினார்கள். மூன்றாம் வாரம் அடுப்பு நீலமாக எரிந்தது. நான்காம் வாரம் வீடு எழும்பியது.

"என்ன பிள்ளை, இது எழும்புமெண்டு நீர் சொல்லேல்லையே?" என்று மக்டலின் கேட்டாள்.

"கணக்குப்படி ஏலாது அன்ரி. ஒரு சட்டி மூடியைக்கூடத் தூக்காது."

பிரேமினி மூன்று தரம் கணக்குப் பார்த்தாள். மூன்று தரமும் சட்டி மூடிதான் வந்தது. பிறகு ஒரு பிளேன்டீயைக் குடித்துவிட்டு, எழும்பும் உயரத்தைக் கொப்பியில் குறிக்கத் தொடங்கினாள். வால்வைத் திறந்துவிட்டுப் பார்த்தார்கள்; ஒரு விரற்கடையும் இறங்கவில்லை. வெறும் அடுப்பை எரித்தார்கள், அதற்கும் மசியவில்லை. அந்த வாயுவில் சமைத்ததை ஒருவர் பசியோடு சாப்பிட்டால் மட்டும் வீடு ஒரு சாண் இறங்கியது. பசியில்லாதவர் மரியாதைக்குச் சாப்பிட்டால் இறங்காது. ஆகவே மக்டலின் தினமும் நாலைந்து பேருக்குக் கூடுதலாக உலை வைத்தாள். தொட்டியிலிருந்து வழியும் கழிவை வயலுக்குப் பசளையாக எடுத்துப்போகத் திருக்கேதீஸ்வரப் பக்கத்திலிருந்து வரும் கமக்காரி வசந்தமலர், பதிலுக்கு அரிசி கொண்டுவந்து, ஒரு சாணும் இறக்கிவிட்டுப் போவாள்.

மக்டலினுக்கு உயரத்தில் பயமில்லை, நிலத்தில்தான் பயம். இருபத்தாறு வருடம் கடலுக்கு அக்கரையில் அகதி முகாமில், பத்தடிக்குப் பத்தடி அறையில், வேறொருவர் கொடுத்த தரையில் படுத்தெழும்பியவள். கீரிக்குத் திரும்பிவந்து இந்தப் பத்துப் பேர்ச் கிடைத்த அன்று செருப்பைக் கழற்றிவிட்டுக் காணி முழுக்க நடந்து பார்த்தாள். ஆனால் காணி இன்னும் முழுதாக அவளுடையதல்ல. வீடு காணியில் நிலையாக இருக்கிறதா என்று அலுவலர் வந்து பார்த்துக் கையெழுத்து வைத்தால்தான் உறுதிப் பத்திரம் கிடைக்கும். இல்லாவிட்டால் காணி போய்விடும். அந்த அலுவலர் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் திங்கட்கிழமை காலை பத்துக்கு வருவார் என்று கடிதம் வந்தது.

தவறு பெரிய வியாழனன்று நடந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள் என்பதால் அன்று வள்ளங்களெல்லாம் மீனை அள்ளிக்கொண்டு வந்தன. குடலும் செதிலும் மலையாகச் சேர்ந்தன. தொட்டியை ஒருநாளும் பட்டினி போடக்கூடாது என்று பிரேமினி சொல்லியிருந்ததால் மக்டலின் அவ்வளவையும் உள்ளே கொட்டினாள். பிறகு, தாய் காலத்து வழக்கப்படி, அடுப்பை அணைத்து நோன்பிருந்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் கீரியில் பல வீடுகளில் அடுப்பு மூட்டவில்லை. ஆனால் தொட்டிக்குள் இருந்தவை நோன்பு பிடிக்க வேதக்காரர் அல்லவே. அவை இரவுபகலாகத் தின்றன. வெள்ளி மாலை வீடு முருங்கை மர உயரம் போனது. சனிக்கிழமை பனை உயரம். பீற்றர் நாலு மூலைக்கும் நைலோன் கயிறு கட்டி நங்கூரம் போட்டார். மக்டலின் நூலேணியால் இறங்கித்தான் அன்றிரவு பாஸ்குப் பூசைக்குக் கோயிலுக்குப் போனாள்.

ஞாயிறன்று ஊரையே சாப்பிடக் கூப்பிட்டாள். வந்தார்கள்தான், ஆனால் உயிர்த்த ஞாயிறன்று யாருக்குப் பசி இருக்கிறது? வீட்டில் புரியாணியும் மாமியார் வீட்டில் இறைச்சிக்கறியும் முடித்துவிட்டு வந்தவர்கள், ஏணியில் ஏறவே மூச்சு வாங்கினார்கள். இருட்டுகிறவரை பரிமாறியும் பாதிதான் இறங்கியது. அவள் யன்னலால் கீழே பார்த்தாள். தன் காணி, கை துடைக்கும் கைலேஞ்சி அளவில் கிடந்தது. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

திங்கள் விடியவே வசந்தமலர் உழவுயந்திரப் பெட்டியில் களை பிடுங்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். காலையில் தேத்தண்ணீரைத் தவிர ஒன்றையும் தொடவேண்டாம் என்று அவர்களுக்குக் கட்டளை. "இண்டைக்குத்தான் வயிறு வேலை செய்யோணும், கை இல்லை" என்றாள். சூடைமீன் குழம்பும் சோறும் போன வேகத்தில் வீடு சாண் சாணாகக் கீழே வந்தது. கடைசிப் பெண் வயிறு நிறைந்து ஏவறை விட்டபோது, தரைக்கு ஒரு சாண் மிச்சம். மக்டலினும் பீற்றரும்கூடச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்; பசியோடு இனி யாருமில்லை. அந்த நேரம் பார்த்து அலுவலர் கனகரத்தினம் சைக்கிளை மதிலில் சாத்தினார்.

அவர் குனிந்து வீட்டுக்கு அடியில் பார்த்தார். அங்கிருந்த கோழி அவரைப் பார்த்தது.

"அத்திவாரம் எங்கை அம்மா?"

மக்டலின் ஒளிக்காமல் முழுவதையும் சொன்னாள். ஒரு பசித்த ஆள் சாப்பிட்டால் தரை தட்டிவிடும் என்றாள். முப்பத்தொரு வருட சேவையில் பரிசோதிக்கப் போன வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடித்ததில்லை என்றார் அவர். போதாததற்குத் திங்கட்கிழமைகளில் கேதீஸ்வரநாதருக்கு விரதம், பன்னிரண்டு மணிவரை வாயில் ஒன்றும் படாது, பிறகும் மரக்கறிதான்.

பீற்றர் கெஞ்ச வாயெடுத்தார். மக்டலின் அவரைத் தடுத்தாள். "நானும் இப்பதான் நோன்பு முடிச்ச ஆள் ஐயா. உங்கட நேரம் வரட்டும், இருங்கோ" என்று ஒரு கதிரையைத் தூக்கி நிழலில் போட்டாள். மீன் மச்சம் பட்ட சட்டிகளை ஒதுக்கி, வசந்தமலர் அயலில் வாங்கிவந்த புதுச் சட்டியில் பருப்பும் பூசணிக்காயும் வைத்தாள். வாசனை முற்றத்துக்கு வந்தது. கனகரத்தினம் தன் காகிதக் கோவையைப் புரட்டினார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி கோவையைப் புரட்டினார். விண்ணப்பதாரர் சொல்வதை அலுவலர் நேரில் சோதித்து உறுதிசெய்ய வேண்டும் என்றொரு விதி ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அதை இரண்டு தரம் வாசித்தார்.

பன்னிரண்டு அடித்ததும் கை கழுவி, கண்ணை மூடிக் கும்பிட்டு, வீட்டுக்குள் வாழையிலைக்கு முன்னால் அமர்ந்தார். முதல் வாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. மக்டலின் சுவரில் கைவைத்தபடி நின்றாள். சோற்றைப் பருப்போடு குழைத்து அவர் நாலாம் வாய் உண்ணும்போது, அலுமாரிக் கண்ணாடி ஒருதரம் குலுங்கியது. வீடு தரையில் அமர்ந்தது. கோழி சற்று முன்னரே வெளியேறியிருந்தது. மக்டலின் வாசலைத் தாண்டி வெறுங்காலை மண்ணில் வைத்தாள். சிரித்தாள். பின்னால் கனகரத்தினம், "இன்னும் கொஞ்சம் பூசணிக்காய் இருக்குதோ?" என்று கேட்டது காதில் விழுந்தது.

உறுதி மறு மாதம் வந்தது. இப்போது அது சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தினமும் ஒன்பது மணிக்கு வீட்டோடு சேர்ந்து மேலே போகிறது. எல்லைகள், சுவர், கூரை எல்லாம் ஒழுங்காக எழுதப்பட்ட அதில், அத்திவாரம் என்ற கட்டத்துக்கு எதிரே கனகரத்தினத்தின் குண்டு எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்.