மேடவாக்கத்தில் கடல் காட்சி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் விளம்பரத் தாளில் 'கடல் காட்சி' என்று போட்டிருந்தது. மேடவாக்கத்தில் கடல் கிடையாது என்பது மேடவாக்கத்துக்கு ஒரு தடவை வந்தவர்களுக்கே தெரியும். ஆனாலும் வீடு வாங்கப் போகிறவனுக்கு அந்த நேரத்தில் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். மொட்டை மாடியில் ஏறி நின்று கிழக்கே பார்த்தோம். தூரத்தில் நீலமாக ஏதோ தெரிந்தது. யாரோ கூரைமேல் விரித்திருந்த தார்ப்பாய் என்று பிற்பாடுதான் தெரிந்தது. காற்று அடித்தால் உப்பு வாசனை வரும் என்று புரோக்கர் சொன்னார். எல்லோரும் ஒரு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு முன்பணம் கொடுத்தோம்.

குடிவந்த பிறகு எந்த ஜன்னலைத் திறந்தாலும் பக்கத்துக் கட்டடத்தில் காயப்போட்ட துணிதான் தெரிந்தது. கட்டிக் கொடுத்தவரைப் போய்ப் பிடித்தோம். மனிதர் கோபப்படவே இல்லை. கீழ்த்தளத்தில் லிஃப்டுக்கு எதிரே ஆறடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்து, எதிரில் ஒரு சோபாவையும் போட்டார். "இதுல கடல் தண்ணி விட்டு, கடல் மீன் விட்டுக்குங்க. சோபாவுல உக்காந்து பார்த்தா கடல் காட்சி" என்றார். வக்கீலிடம் கேட்டோம். வாதத்தில் ஓட்டை இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

இப்படித்தான் நாங்கள் உப்புத்தண்ணீர் மீன் வளர்க்க ஆரம்பித்தோம். ஆசைப்பட்டு ஆரம்பிக்கிறவர்களும் உண்டென்று கேள்வி.

அப்போது எங்கள் சங்கத் தலைவர் யக்ஞநாராயணன். சிக்கனக்காரர். கடல் தண்ணீர் கோவளத்தில் சும்மா கிடக்கிறது, தண்ணீர் லாரியோ தினம் நம் வாசலுக்கே வருகிறது, இரண்டையும் சேர்த்தால் முடிந்தது என்று கணக்குப் போட்டார். லாரி போனது, கோவளத்தில் நிரப்பிக்கொண்டு வந்தது. தொட்டிக்கு வேண்டிய தண்ணீர், அந்த லாரிக்கு வாய் கொப்பளிக்கக் காணாது. தொட்டி நிறைந்ததும் டிரைவர் பழக்க தோஷத்தில் குழாயைத் தரைக்கடித் தொட்டிப் பக்கம் இழுத்துவிட்டார்.

யக்ஞநாராயணன் ஓடிப்போய்ப் பார்த்தபோது லாரி காலி.

"இன்னா சார், சம்ப்பு மூடி தொறந்துகினு கீது, வுட்டுட்டேன்" என்றார் டிரைவர். அவர் மேல் தப்பில்லை.

அந்த வாரம் எங்கள் கட்டடத்தில் யாரும் சாம்பாருக்கு உப்பு போடவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. நாலாவது மாடிக்காரர் ஒருவர் குளித்துவிட்டு அப்படியே பால்கனி வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். உடம்பு பூரா வெள்ளையாகப் பூத்துவிட்டது. அவர் மனைவி அதைச் சுரண்டி ஒரு டப்பாவில் பிடித்து மாங்காய் ஊறுகாய் போட்டாள். எனக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். நன்றாகத்தான் இருந்தது.

தொட்டியில் விட்ட தண்ணீரும் சில நாளில் பச்சையாகி, லிஃப்டுக்குக் காத்திருப்பவர்கள் மாடிப்படி ஏறும்படியாக நாறியது. யக்ஞநாராயணன் தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு, காற்று மாற்றம் வேண்டுமென்று மறைமலை நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

தொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டவள் மூன்றாம் மாடி விஷ்ணுப்ரியா. ஓ.எம்.ஆரில் கம்ப்யூட்டர் வேலை. முதலில் இருந்ததையெல்லாம் கொட்டிக் கழுவினாள். கடல் தண்ணீரை லாரியில் கொண்டுவர வேண்டாம், நாமே செய்யலாம் என்றாள். வடிகட்டிய ஆர்.ஓ. தண்ணீர், அதில் கரைக்க அதற்கென்று விற்கும் உப்பு. சமையல் உப்பு ஆகாதாம். பவளத்தை நம் கடலிலிருந்து உடைத்து எடுத்தால் ஜெயில் என்பதால் செயற்கைப் பாறைகளை வாங்கி அடுக்கினாள். வெளிச்சம் போட்டாள், அலை அடிக்க ஒரு சின்ன மோட்டார் வைத்தாள். நாங்கள் எல்லோரும் மீன் எங்கே என்று கேட்டோம். ஒரு மாதம் கழித்துத்தான் மீன் என்றாள். அதுவரைக்கும் பாறையில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேற வேண்டுமாம். அவை வந்து செட்டில் ஆனால்தான் மீன் போடும் கழிவு விஷமாகாமல் இருக்குமாம். புது வீட்டில் செப்டிக் டேங்க் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுக் குடிபோவது மாதிரி.

ஆகவே ஒரு மாதம் சோபாவில் உட்கார்ந்து வெறும் தண்ணீரைப் பார்த்தோம். சீரியல் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டமில்லை. ஒன்றும் நடக்காது, ஆனால் எழுந்து போகவும் மனம் வராது. எனக்குக் கிருமிகள் குடியேறுவதுகூடத் தெரிந்தது. சாமான்களோடு வந்தன. மற்றவர்கள் நம்பவில்லை.

இதற்குள் தலைவர் நாற்காலிக்கு இரண்டு பேர் நின்றுவிட்டார்கள். ஒருவர் அசரியா. தாம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். லிஃப்டில் ஏறினால்கூட மற்றவர்கள் எழுந்து நின்று வணக்கம் சொல்வார்கள் என்று ஒரு நிமிஷம் எதிர்பார்ப்பார். இன்னொருவர் சுப்ரமணியன். பாவம், அவர் ஆபீசில் துணை மேலாளராகச் சேர்ந்து துணை மேலாளராகவே ஓய்வு பெற்றார். கோயில் கமிட்டியில் துணைச் செயலாளர். நடைப்பயிற்சிக் குழுவில் துணைத் தலைவர். நாலு பேர் நடக்கிற குழு அது. ஒரே ஒரு தடவை, கையெழுத்துப் போட்டால் மேலே வேறு யாரும் போட வேண்டியிராத ஓர் இடத்தில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மோட்டார் அறைச் சாவி தலைவரிடம்தான் இருக்கும். அந்தச் சாவியை அவர் பார்க்கும் பார்வையை நானே பார்த்திருக்கிறேன்.

ஓட்டெடுப்பு நடந்தது. சரிபாதி. மறுபடி நடந்தது. மறுபடியும் சரிபாதி. நான் என் ஓட்டை இருவருக்கும் தருவதாகச் சொல்லியிருந்ததால் எப்போதும் போல செல்லாததாக்கிப் போட்டேன்.

அந்த வாரம்தான் முதல் மீன்கள் வந்தன. இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சு உடம்பு, வெள்ளைப் பட்டை. ஒன்றின் பட்டைகள் மூன்றும் விபூதி இட்டது போல முழுசாக இருந்தன. அதற்குப் பிள்ளைகள் சுப்ரமணியன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்னொன்றின் நடுப்பட்டை பாதியில் நின்றிருந்தது. அது அசரியா. இரண்டும் வந்த நிமிஷத்திலிருந்து ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டிருந்தன.

நான் சோபாவில் இருந்தபடியே ஒரு வார்த்தைதான் சொன்னேன். மனுஷன் தீர்க்காததை மீன் தீர்க்கட்டுமே, தை மாதப் பொதுக்குழுவுக்குள் எந்த மீன் பெரிதாகிறதோ அவர் தலைவர், மற்றவர் செயலாளர். சும்மா சொன்னதுதான். ஆனால் படித்தவர்கள் ஓட்டெடுப்பில் களைத்துப் போயிருந்தார்கள். கை தட்டிவிட்டார்கள்.

அதன் பிறகு அந்த மீன்களுக்குக் கிடைத்த கவனிப்பு என் கல்யாணத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. சுப்ரமணியன் முட்டைகூடத் தொடாதவர். மீனுக்கோ உறைந்த இறால். கடைக்குப் போய், முகத்தைத் திருப்பிக்கொண்டே வாங்கி, இடுக்கியில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டிக்குள் நீட்டுவார். பிறகு போய்த் தலைக்குக் குளிப்பார். காலையும் மாலையும் இது நடந்தது. மார்கழிக் குளிரில் மனிதருக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது, நிறுத்தவில்லை. ஒரு சனிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் மீன் பெயருக்கு அர்ச்சனையும் செய்தார். அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டாராம். ரேவதி, மீன ராசி என்று சொல்லியிருக்கிறார். அவரும் சந்தேகப்படாமல் செய்து கொடுத்திருக்கிறார்.

அசரியாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் தொட்டி முன்னால் நின்று கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, தம் மீனைப் பார்த்துப் பத்து நிமிஷம் அறிவுரை சொல்வார். முதுகை வளைக்காதே, நேராக நீந்து என்று நானே கேட்டிருக்கிறேன். வஞ்சிரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொண்டுவருவார். அவர் மனைவி ரத்தினபாய், வீட்டில் தனக்கு வால் துண்டுதான் கிடைக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மீன்களும் சாமர்த்தியசாலிகள். சுப்ரமணியன் செருப்புச் சத்தம் இரண்டாம் மாடியில் கேட்டாலே அவர் மீன் கண்ணாடிப் பக்கம் வந்து வாயைத் திறந்துவிடும். அசரியா மீன் தூங்குவது போல நடித்துக்கொண்டே நகரும்.

இரண்டு பேரும் போட்ட தீனியில் தண்ணீர் கலங்கிவிட்டது. விஷ்ணுப்ரியா இருவரையும் சோபாவில் உட்காரவைத்துத் திட்டினாள். தினம் ஒரு சிட்டிகைக்கு மேல் போட்டால் தொட்டியைப் பூட்டிவிடுவேன் என்றாள். தலைமை ஆசிரியர் முப்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தை மாதம் பொதுக்குழு. நாற்காலிகளைத் தொட்டியைப் பார்த்துப் போட்டிருந்தோம். அளக்க வேண்டிய அவசியமே இல்லை. விபூதிப் பட்டை மீன், மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி பெரிதாக, பாறைக்கு மேலே கம்பீரமாக நின்றது. பாதிப் பட்டை மீன் அதன் முன்னால் வந்து உடம்பை வெடவெடவென்று உதறிக் காட்டிவிட்டு ஒதுங்கியது. சுப்ரமணியன் எழுந்தார். பட்டுக்கரை வேட்டி. பையில் ஏற்புரை மடித்து வைத்திருந்தது தெரிந்தது. மேசைமேல் மோட்டார் அறைச் சாவி இருந்தது.

அப்போது விஷ்ணுப்ரியா, கெட்ட எண்ணமே இல்லாமல், தொட்டியை உற்றுப் பார்த்துச் சொன்னாள்: "பெருசு பொம்பளையா மாறிடுச்சு அங்கிள்."

யாருக்கும் புரியவில்லை. அவள் விளக்கினாள். இந்த ஜாதி மீன்கள் பிறக்கும்போது எல்லாமே ஆணாம். கூட்டத்தில் எது பெரிசாகி அதிகாரத்துக்கு வருகிறதோ அது பெண்ணாக மாறிவிடுமாம். மாறினால் மாறினதுதான், திரும்பி வர வழியில்லையாம். தலைமை என்றாலே பெண்தானாம், விதிவிலக்கு கிடையாதாம்.

முன்வரிசையில் யாரோ சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தும்மினார்கள். அசரியா எழுந்தார். மாநில அளவில் பரிசு வாங்கிய மாணவன் முகம். நேராகப் போய் சுப்ரமணியன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள். தலைவி அம்மா."

கூடம் அதிர்ந்தது. தாம் தோற்றதில் கர்த்தருடைய சித்தம் இருந்திருக்கிறது என்று அசரியா இரண்டு பக்கமும் திரும்பிச் சொல்லிக்கொண்டார். சார் கௌரவமாக விலகிக்கொண்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டோம், வேண்டுமானால் தாமே அந்தப் பாரத்தைச் சுமப்பதாகவும் சொன்னார்.

சுப்ரமணியன் உட்காரவில்லை. மீனைப் பார்த்தார். சாவியைப் பார்த்தார். காது சிவந்து, கழுத்துவரை சிவந்து, பிறகு மெல்ல இறங்கியது. இத்தனை நாள் தலைக்குக் குளித்த மனிதர். இப்போது உட்கார்ந்தால் இனிமேல் எப்போதும் துணைதான். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இருந்துட்டுப் போறேன்" என்றார். "தலைவின்னே போட்டுக்குங்க. சாவியை எடுங்க இப்படி."

 பெண்கள் வரிசையிலிருந்து கைதட்டல் ஆரம்பித்தது. அவருக்கு ஓட்டுப் போடாத பக்கமும் தட்டியது. சுப்ரமணியன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் மனைவி சாவித்ரி பக்கத்திலிருப்பவரிடம், வீட்டில் ஏற்கெனவே அந்தப் பதவி காலி இல்லை, வெளியில் கிடைத்தால் நல்லதுதான் என்றார்.

அசரியா சிரித்தபடியே உட்காரப் போனார். ரத்தினபாய்க்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அப்போ அந்தச் சின்னது யாரும்மா?"

விஷ்ணுப்ரியா கொஞ்சம் தயங்கினாள். "அது அதோட வீட்டுக்காரர், ஆண்ட்டி."

ரத்தினபாய் கணவரை மேலும் கீழும் பார்த்தார். அசரியா நின்ற இடத்திலேயே செயலாளர் பதவியை ராஜினாமா செய்தார். தலைவி அதை ஏற்க மறுத்துவிட்டார். அதுதான் அவருடைய முதல் உத்தரவு. மேலே வேறு யாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை.

மாசி கடைசியில் பாறை ஓரத்தில் மீன் முட்டையிட்டது. ஆரஞ்சு நிறத்தில் கடுகு கொட்டினது போல. அந்த ஜாதியில் முட்டையைப் பார்த்துக்கொள்வது ஆண் மீன்தான். சின்னது ராப்பகலாக அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. சோறு தண்ணி கிடையாது. பெரியது இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரோந்து போனது, வேறு வேலை செய்யவில்லை. எங்கள் சங்கத்திலும் ஏறக்குறைய இதே ஏற்பாடு வந்துவிட்டது. லாரிக்குப் போன் செய்வது, தரைக்கடித் தொட்டி கழுவும்போது பக்கத்தில் நிற்பது, லிஃப்ட் நின்றால் ஆளைக் கூப்பிடுவது எல்லாம் அசரியா. சுப்ரமணியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்தில் நடக்கிறார். பிள்ளைகள் 'தலைவி தாத்தா' என்று கூப்பிட்டால் சாவி சத்தம் கேட்கத் திரும்பிப் பார்க்கிறார்.

நடுவில் அசரியா ரொம்ப நொந்து போயிருந்தார். செயலாளர் என்று எழுதிய பலகையைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டதாகக் கேள்வி. பிறகு ஒரு நாள் விஷ்ணுப்ரியா தொட்டியைத் துடைத்துக்கொண்டே இன்னொரு விஷயம் சொன்னாள். அந்தப் பெரிய பெண் மீனுக்கு ஏதாவது ஆகிவிட்டால், வெளியிலிருந்து யாரும் வர வேண்டாமாம். வீட்டுக்காரர் மீனே வளர்ந்து அடுத்த தலைவி ஆகிவிடுமாம்.

அசரியா அப்போது சோபாவில்தான் இருந்தார்.  பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிலிருந்து பலகை மறுபடி வாசலில் இருக்கிறது. தினம் காலையில் நடைப்பயிற்சிக்கு இறங்கும்போது சுப்ரமணியனை நிறுத்தி, உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது, பிரஷர் பார்த்தீர்களா, தூக்கம் வருகிறதா என்று ரொம்ப அக்கறையாக விசாரிக்கிறார். சுப்ரமணியன் பேஷாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, லிஃப்ட் இருந்தும், மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிக் காட்டுகிறார். இரண்டாம் மாடி திருப்பத்தில் யாரும் பார்க்காத இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். நான் யாரிடமும் சொல்லவில்லை.