நீ என்றால் வேலை உண்டு

அந்த மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் மேனேஜர் யாரையும் 'நீங்க' என்று சொன்னதில்லை. தலை நரைத்தவரானாலும் சரி, நேற்று சேர்ந்தவரானாலும் சரி, எல்லோருக்கும் 'நீ', 'வா', 'போ'தான். கேட்டால், நாமெல்லாம் ஒரே குடும்பம் என்பார். குடும்பத்தில் ஒருவர் மட்டும் ஏன் கேபினுக்குள் ஏசியில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை.

ஆள்குறைப்பு ஆரம்பித்ததும் அந்த மனுஷன் வாயில் மரியாதை முளைத்தது. லென்ஸுக்கு பாலிஷ் போடுபவரை ஒரு நாள் காலையில் "வாங்க, உக்காருங்க" என்றார். மதியம் பாலிஷ்காரர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அடுத்து ஃபிரேம் மாட்டும் பெண்ணிடம் "சாப்டீங்களா?" என்று கேட்டார். அவளுக்கும் அன்றோடு சரி. அதன் பிறகு பட்டறையில் மிச்சம் இருந்தவர்களுக்கு மரியாதை என்றாலே பயம் வந்தது. தன்னை மேனேஜர் திட்டி வெகு நாளாகிவிட்டதே என்று டெலிவரிக்குப் போகிறவர் புலம்பித் தீர்த்தார்.

தயாரான கண்ணாடிகளை மீட்டரில் வைத்துப் பவர் சரிபார்ப்பவளுக்கு அங்கே செக்கிங்கம்மா என்று பேர். அவளுக்கு பயம் கொஞ்சநஞ்சமல்ல. பார்த்து முடித்த கண்ணாடியையே திரும்பத் திரும்ப மீட்டரில் வைத்தாள். கணவர் முதுகு ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். இந்தச் சம்பளமும் நின்றால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

அன்று மதியம் அக்கா போன் செய்தாள். அக்காவுக்கு ஒரு மருந்து கோடவுனில் பேக்கிங் வேலை.

"இங்க ஒரு எடம் காலியா இருக்குடி. சம்பளம் அங்க வர்றதவிடக் கம்மிதான், ஆனா வேலை நிக்கும். வர்றியா இல்லையான்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிடு. இல்லன்னா வேற ஆள் பாத்துடுவாங்க."

"எங்க மேனேஜர ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்க்கா."

"கழுத்துல கத்தி வைக்கப் போறவன்கிட்டயே போய் கேப்பியா?" அக்கா எரிந்து விழுந்தாள்.

நியாயமான கேள்விதான். ஆனால் பயத்தில் இருப்பவளுக்கு வேறு வேலையைவிட, பயப்படாதே என்று சொல்ல ஒரு ஆள்தான் முதலில் தேவைப்பட்டது.

கேபின் வாசலில் போய் நின்றாள். மேனேஜர் என்ன சொல்லப் போகிறார் என்பதைவிட, எப்படிக் கூப்பிடப் போகிறார் என்பதில்தான் அவள் உயிர் ஊசலாடியது.

"என்ன அங்கயே நிக்கற? உள்ள வா."

'வா' என்றார். பாதி உயிர் திரும்பி வந்தது.

"சார், வெளிய ஒரு வேலை வந்திருக்கு. போகவா, இருக்கவா? நீங்கதான் சொல்லணும்."

"லூசா நீ?" நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "உன்ன அனுப்பிட்டு பவர் யாரு பாக்கறது, நானா? செக்கிங்ல கை வைக்க மாட்டோம்னு மேலயே சொல்லிட்டாங்க. அதான் நான் இருக்கேன்ல? போய் வேலையப் பாரு."

லூசு என்று திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவளை அந்தப் பட்டறை பார்த்திருக்காது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அக்காவைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னாள். "உன் இஷ்டம்" என்று அக்கா போனை வைத்துவிட்டாள். செக்கிங்கம்மா திரும்ப மேஜைக்கு வந்தாள். 'நீ' என்றுதானே சொன்னார் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

அவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மேலே இருந்தவர்கள் சொன்னதை நம்பினார், நம்பியதை இவளிடம் சொன்னார்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து கேபின் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேனேஜர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கைகள் ஆடாமல் மேஜை மேல் கிடந்தன. செக்கிங்கம்மா மீட்டருக்குள் குனிந்தாள். கண் ஒரு நிலையில் நிற்காமல் உள்ளே கோடுகள் கலங்கித் தெரிந்தன.

வந்தவர்கள் போனதும் மேனேஜர் நேராக அவள் மேஜைக்கு வந்தார். 'வாங்க' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று அவள் மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நேத்து ஏதோ வேலைன்னு சொன்னியே..."

'நீ' என்றார். அப்பாடா என்று இருந்தது.

"ஆமா சார். வேண்டாம்னு அப்பவே சொல்லிட்டேன். நீங்க சொன்னதாலதான்."

அவர் தலையாட்டினார். அவளுடைய லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பட்டறையவே மூடறாங்க. என்னையும் சேத்துத்தான்."

அவள் மீட்டரின் சுவிட்சை அணைத்தாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னும் பக்கத்தில் குனிந்தார்.

"அந்த எடம் இன்னும் காலியாத்தான இருக்கும்? என்ன வேலைன்னாலும் சரி. எனக்குக் கேட்டுப் பாக்கறியா?"