சீமாட்டியின் கயிறு

எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு பால்கோவாக் கடை வாசலில், எங்கள் நாயின் கயிற்றைச் சைக்கிளின் பின்பக்கக் கம்பியில், செயினை ஒட்டிக் கட்டினேன். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சைக்கிள் சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றது. அதிலும் குற்றம் இல்லை. முன் பாரில் பொருத்திய குட்டி சீட்டில் என் மூன்று வயது மகன் ஆராவமுதன் உட்கார்ந்திருந்தான். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கிற அறிவுள்ள ஒரு ஆள் அப்போது அங்கே இருந்திருக்க வேண்டும். இருந்தது நான்.

கடைக்குள் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிறு காலைத் தொடர். ஊரே டிவி முன்னால் கிடக்கும் நேரம். "அரைக் கிலோ கட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவரும் டிவியைப் பார்த்துக்கொண்டே கட்டினார், நானும் டிவியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது வாசலில் அடுக்கியிருந்த விறகுக் கட்டிலிருந்து ஒரு பூனை குதித்திருக்கிறது. நான் பூனையைப் பார்க்கவில்லை. நாய் பார்த்துவிட்டது.

சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டுத்தான் எல்லாரும் திரும்பினோம். மகன் தரையில் கிடந்தான். முகவாய் கிழிந்து ரத்தம். நாய் அவிழ்ந்த கயிற்றை இழுத்துக்கொண்டு தெருமுனையில் ஓடிக்கொண்டிருந்தது.

"நாய் பிள்ளையத் தள்ளிவிட்டுட்டுய்யா!" என்றார் கடைக்காரர்.

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் "ஆமா" என்றது.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையத்தில், பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கம்பெனியில், செக்கிங் சூப்பர்வைசராக. தினமும் மைல் கணக்கில் பேண்டேஜ் துணி என் கண்ணைத் தாண்டிப் போகிறது. மகனுக்கு ரத்தம் வழிந்தபோது என் கையில் கிடைத்தது பால்கோவா கட்டும் காகிதம். அதை வைத்து அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இரண்டு தையல். திரும்பி வந்து பார்த்தால், விழுந்த சைக்கிள் பக்கத்தில் அதே நாய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஆராவமுதன் தேம்பிக்கொண்டே போய் அதன் காதைப் பிடித்துக்கொண்டான்.

அதன் பெயர் சீமாட்டி. நான் வைத்த பெயர். கன்னி நாய், எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் முயல் விரட்டுகிற ஜாதி. கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் பழுப்பு, எண்ணிவிடலாம் போன்ற விலா எலும்பு. முயலைப் பார்த்தால் அம்பு. பார்க்காத நேரத்தில் ஜமீன் வீட்டு அம்மாள். வெயில் விழும் இடத்தில் படுக்கும், வெயில் நகர்ந்தால் எழுந்து நகர்ந்து படுக்கும். ஒரு நாளைக்கு அது செய்கிற வேலை அவ்வளவுதான். என்னைப் போலவே மெலிந்திருந்ததால் அதைப் பார்த்ததும் எனக்குச் சொந்தபந்தம் போலத் தோன்றிவிட்டது. செட்டியார்பட்டியில் இந்த நாய்களை வளர்க்கும் மாடத்தியிடமிருந்து வாரத்துக்கு வாங்கி வந்திருந்தேன். வாரம் என்றால், ஆடு மாடு போலத்தான்: வளர்ப்பது நாம், ஈனும் குட்டியில் பாதி அவளுக்கு.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பங்கஜவல்லி தையலைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். மூன்றையும் ஒரே மாதிரி பார்த்தாள்.

"எப்பிடி?"

"பூனையப் பாத்து ஓடிச்சு. சைக்கிள் விழுந்திட்டு" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. நடுவில் ஒரு கயிறு இருந்ததை மட்டும் சொல்லவில்லை.

"நாய்னா எனக்கு வெறுப்பு இல்ல" என்றாள். "ஆனா மூணு வயசும் ஆறு வயசுமா ரெண்டு பிள்ளைய இருக்கு. வெவரம் தெரிஞ்ச ஒரு ஆளு, இது பிள்ளைய இருக்குத வீட்டுக்கு ஆவும், இல்ல ஆவாதுன்னு நேரா சொல்லணும். வர்ற ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். யாரும் சொல்லலைன்னா திருப்பி விட்டிருங்க."

ஆறு வயது மகள் வஞ்சுளவல்லி அதற்குள் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். திரும்பி வரும் நாயை மாடத்தி இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கமாட்டாள். வத்திராயிருப்பில் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்கு அனுப்பிவிடுவாள். அங்கே ஆள் கிடையாது. தேங்காய் வெட்டும் நாளில் மட்டும் மனித முகத்தைப் பார்க்கலாம். சீமாட்டியோ நான் குளிக்கப் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்று முனகுகிற ஜீவன்.

திங்கட்கிழமை கம்பெனியில் தவசிமுத்துவிடம் கேட்டேன். அவர் வீட்டில் வெள்ளை ராஜபாளையம் நாய் இருக்கிறது. அதன் புண்ணியத்தில் தபால்காரர் அவருக்கு வரும் கடிதங்களைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்.

"என்னவே இது, வேட்ட நாயக் கொண்டாந்து தொட்டில் கட்டப் பாக்கேரு?" என்றார். "அதுக்குச் சின்னதா ஓடுற எல்லாம் முயலு. ஒம்ம மவன் நடப்பானா, ஓடுவானா?"

"ஓடுவான்."

"முடிஞ்சு போச்சு."

"அப்ப ஆவாதுங்கீரா?"

"நான் அப்பிடியா சொன்னேன்? நாளைக்கு ஒம்ம பொஞ்சாதி எங்கிட்ட வந்து கேட்டா? ஆள விடும்."

செவ்வாய்க்கிழமை மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் அலமாரியிலிருந்து ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். சீமாட்டியின் சித்தி மகள் போல ஒரு நாய். "விப்பெட்னு சீமை நாய். குழந்தைகளுக்கு ரொம்ப நல்லதுன்னு போட்டிருக்கான்" என்றார்.

"அப்ப எங்க நாயும் நல்லதா சார்?"

"இந்தப் புத்தகம் எழுதினவன் ஒங்க வீட்டுக்கு வந்ததில்லையே. ஒவ்வொரு நாயும் ஒவ்வொரு மாதிரி. குழந்தையும் அப்படித்தான். என்ன நடந்துச்சுன்னு சரியாச் சொல்லுங்க, யோசிச்சுச் சொல்றேன்."

எனக்கு உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

புதன்கிழமை நானே பரிசோதனையில் இறங்கினேன். சின்னதாக ஓடுவதெல்லாம் முயல்தானா என்று தெரிய வேண்டும். மகனை வைத்துச் சோதிக்க மனம் வரவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த முற்றத்தில், நாலு காலில் நானே ஓடினேன். ஒரு சுற்று, இரண்டு சுற்று. சீமாட்டி தலையைத் தூக்கிப் பார்த்தது. கொட்டாவி விட்டது. எழுந்து மூன்று தடவை சுற்றி மறுபடியும் படுத்துக்கொண்டது. நிமிர்ந்தால் பங்கஜவல்லி பள்ளிக்கூடப் பையோடு நின்றிருந்தாள்.

"நாய்க்குப் பரீட்சை வைக்கியளா, இல்ல ஒங்களுக்கா?"

"நாய் பாஸ்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. வழக்கமாகச் சிரித்துவிடுவாள். அதுதான் உறுத்தியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் எதிர்பார்க்காத பரீட்சை ஒன்று நடந்தது. கட்டிலிலிருந்து குதித்த ஆராவமுதன், கீழே தூங்கிக்கொண்டிருந்த சீமாட்டியின் முன்காலில் விழுந்தான். அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பல் அவனுடைய கன்னத்துக்கு நாலு விரல் தூரத்தில் இருந்தது. ஆனால் கடிக்கவில்லை. காலை உருவிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது.

"அறிவு கெட்ட பயலே!" என்று நான் மகனைப் பார்த்துக் கத்தினேன். கட்டிலுக்கு அடியில் ஈரம் பரவியது. என் குரலுக்கே நாய் மூத்திரம் போய்விட்டது.

வஞ்சுளா குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, அது தம்பிக்குப் பயப்படல. ஒங்களுக்குத்தான் பயப்படுது."

குனிந்து அதன் காலைத் தடவிப் பார்த்தேன். பென்சில் போல எலும்பு. அதன் மேல் காகிதம் போலத் தோல். ஒரு வாரமாக நாயால் பிள்ளைக்கு ஆபத்து வருமா என்றே ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையால் நாய்க்கு என்ன ஆகும் என்று யாரிடமும் கேட்கவில்லை. என்னால் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே ஆனதைப் பற்றி மூச்சே விடவில்லை. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு அம்மாள், "பிள்ளையத் தள்ளுன நாய்தான? இப்ப என்ன செஞ்சிச்சு?" என்று கேட்டாள். தெருவில் சீமாட்டிக்கு அதுதான் பெயராகி இருந்தது. நான் வைத்த பெயரை எங்கள் வீட்டைத் தவிர யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, துணி பேல் ஏற்றும் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கி, மனைவி, மக்கள், நாய் எல்லாரோடும் செட்டியார்பட்டிக்குப் போனேன். ஊருக்கு வெளியே மாடத்தியின் வீடு. முப்பது வயதுக்காரி. சுற்றிலும் ஏழெட்டு நாய் வெயிலில் கிடந்தன, எல்லாம் சீமாட்டியின் பரம்பரைச் சோம்பல்.

"வாங்க அண்ணாச்சி. மதினி, வாங்க" என்றாள். மகனின் முகவாயைப் பார்த்தாள். "என்ன, பிள்ளைக்குத் தையலு?"

"பூனையப் பாத்து ஓடிச்சு. சைக்கிள் விழுந்திட்டு" என்றேன். ஒரு வாரத்தில் அந்த வாக்கியம் எனக்கு மனப்பாடமாகி இருந்தது.

மாடத்தி உட்கார்ந்து சீமாட்டியின் கழுத்தைத் தடவினாள். முடி விலக்கி, தோல் சிவந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு கயிற்றை எடுத்தாள். அவளே மில் கழிவு நூலில் திரித்துக் கொடுத்த கயிறு, வெள்ளை வெளேரென்று இருக்கும். அதன் நுனியில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு.

"இதென்ன அண்ணாச்சி, கிரீஸா?"

நான் கயிற்றைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் ஒரு கயிற்றை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

"நாயக் குடுக்கையில என்ன சொன்னேன்?" என்றாள். "தின்னுதப்ப பிள்ளையள விடாதிய. அதட்டாதிய. கயித்தக் கையில பிடிங்க, நகருத சாமான்ல கட்டாதியன்னு சொன்னேம்லா?"

சொன்னாள். அப்போது நான், "எங்க வீட்டுல நகருற சாமான் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். என் ஜோக்கை ரசிப்பதில் மும்முரமாக இருந்ததால் அவள் சொன்னது காதில் ஏறவில்லை.

இப்போதும் ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. பங்கஜவல்லி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன்.

"சைக்கிள்ல கட்டினேன்" என்றேன். "சைடு ஸ்டாண்டுல. இவன் அதுல உக்காந்திருந்தான். நான் கடைக்குள்ள டிவி பாத்துக்கிட்டிருந்தேன். நாய் இவனத் தொடவே இல்ல."

வஞ்சுளா, "அப்ப தள்ளுனது நீங்களாப்பா?" என்றாள்.

"ஆமா."

பங்கஜவல்லி எழுந்து போய் வேனுக்குப் பக்கத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். சீமாட்டி அவள் பின்னாலேயே போய் அவள் காலில் சாய்ந்துகொண்டது. அந்த ஜாதி அப்படித்தான், நிற்கிற ஆள் மேல் சாயும். அவள் அதை விலக்கவில்லை.

நான் மாடத்தியிடம், "திட்டணும்னா திட்டு. ஆனா இத மட்டும் சொல்லிரு. பிள்ளைய இருக்குத வீட்டுக்கு இது ஆவுமா?" என்றேன்.

"பூன, கோழி, ஆட்டுக்குட்டி எது ஓடுனாலும் இதுவும் ஓடும். சாவுத வரைக்கும் ஓடும், அத மாத்த முடியாது. பிள்ளையக் கடிக்காது, இதோட ஆத்தாளும் கடிச்சதில்ல. கால் எலும்பு ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான், அதனால பிள்ளையளுக்கும் சொல்லி வளக்கணும். பெரியாளு ஒருத்தர் கண்ணு எப்பவும் வேணும். வீட்டுக்கு நாய் ஆவும் அண்ணாச்சி. நாய்க்கு வீடு ஆவுமான்னு மதினியக் கேளுங்க."

வேன் பக்கம் நடந்தேன். அந்தப் பத்தடி நடக்கும்போது, பங்கஜவல்லி என்ன சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. அதனால் நடை இன்னும் மெதுவானது. தென்னந்தோப்பு என்று சொன்னால், நானே கொண்டுபோய் விட வேண்டும். பயல் அதன் காதைப் பிடித்துக்கொண்டு கூடவே வருவான்.

"பங்கஜம்" என்றேன். "என்ன செய்யலாம்?"

அவள் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. கையில் கயிறு இருந்தது. கிரீஸ் படாத இடத்தில் பிடித்திருந்தாள்.

"நாய் வீட்டுக்கு வரும். கயிறு என் கையில இருக்கும். ஊருக்குள்ள போனதும் மொதல்ல பால்கோவாக் கடையில எறங்கி, தள்ளுனது யாருன்னு நீங்க சொல்லிட்டு வரணும். பொறவு நம்ம தெருவுல, ஒவ்வொரு வீடா. அது வரைக்கும் எங்கிட்ட சிரிக்கப் பேசாதிய."